சைட்டா, ஃபிளாட்டா, பழைய வீடா, ஊர் வீடா? கொங்குப் பக்கம் சொந்த வீடு தேடுபவர்களுக்கு ஓர் ஒப்பீடு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை கணவன் மனைவி இருவர் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். அவர் கணபதியில் ஒரு பம்ப் பட்டறையில் சூப்பர்வைசர். மனைவி தனியார் பள்ளியில் ஆசிரியை. இரண்டு சம்பளமும் சேர்ந்து மாதம் 62,000 ரூபாய். பத்து வருடச் சேமிப்பு 9 லட்சம். அன்னூர் பக்கம் ஊரில் அப்பா அம்மாவும் நாலு ஏக்கர் காடும் (எங்கள் பக்கம் விவசாய நிலத்தைக் காடு என்போம்) இருக்கின்றன.

"ஏனுங்க, மூணு வருசமா பாத்துட்டே இருக்கறோம். நாங்க சேத்தறதுக்குள்ள விலை ஏறிப்போகுதுங்க. எதை வாங்கறதுன்னே புரியலைங்க" என்றார் அவர். மனைவி கையில் ஒரு நோட்டு இருந்தது. பார்த்த பதினேழு இடங்களின் விலையும் தேதியும் அதில் வரிசையாக இருந்தன. ஒரே இடத்தை இரண்டாம் முறை விசாரித்தபோது சென்ட்டுக்கு எவ்வளவு கூடியிருந்தது என்பதைச் சிவப்பு மையில் குறித்திருந்தார். அந்தச் சிவப்பு எழுத்துகளைப் பார்த்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது.

நான் கருமத்தம்பட்டியில் வீட்டுக்கு பிளான், எஸ்டிமேட் போட்டுத் தரும் வேலை செய்கிறேன். இதே கேள்வியோடு வாரத்துக்கு இரண்டு மூன்று பேர் வருகிறார்கள். எல்லோருக்கும் தனித்தனியாகச் சொல்வதை இங்கே ஒன்றாக எழுதிவிடுகிறேன்.

## முதலில் எதையெல்லாம் பார்க்க வேண்டும்

இடத்தைப் பார்க்கும் முன்னால் கையைப் பாருங்கள். சம்பளத்தில் 40 சதவீதத்துக்கு மேல் தவணைக்குப் போனால் ஒரு ஆஸ்பத்திரிச் செலவுக்குக்கூடத் தாங்காது. இந்தக் குடும்பத்துக்கு அது மாதம் 25,000. எட்டரை சதவீத வட்டியில் 20 வருடத்துக்கு அந்தத் தவணைக்குக் கிடைக்கும் கடன் சுமார் 28.8 லட்சம். கையில் இருக்கும் 9 லட்சத்தைச் சேர்த்தால் 37.8 லட்சம். அதுதான் அவர்களின் எல்லை. 30 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை வங்கி கொடுக்கலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. ஆனால் 10 லட்சத்துக்கு மேற்பட்ட வீடு என்றால் பத்திரச் செலவை அந்த மதிப்பில் சேர்க்க முடியாது. அது முழுக்க நம் கைக்காசு.

அப்புறம் தண்ணீர். கொங்கு நாட்டில் வீட்டுக்கு முதல் கேள்வி இதுதான். சிறுவாணி அணைத் தண்ணீரா, பில்லூர் அணைத் தண்ணீரா, பஞ்சாயத்துக் குழாயா, போர் தண்ணீரா, அதுவும் எத்தனை அடியில் என்று கேட்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, குடியேற எத்தனை மாதம் ஆகும் என்பது. கடன் வாங்கிய நாளிலிருந்து பால் காய்ச்சும் நாள் வரை தவணையும் கட்ட வேண்டும், வாடகையும் கொடுக்க வேண்டும். பல குடும்பங்கள் நொடிந்தது இந்த இடைவெளியில்தான். நான்காவது, பத்திரம் சுத்தமாக இருப்பது. ஐந்தாவது, வேலைக்கும் பள்ளிக்கும் போய்வரும் தூரம்.

கீழே இருக்கும் கணக்கு இந்தக் குடும்பத்துக்காக நான் போட்டது. விலைகள் ஒரு மாதிரிக்கு எடுத்தவை, உங்கள் பக்கத்து விலையைப் போட்டுப் பாருங்கள். வழிகாட்டி மதிப்பும் (பத்திரப் பதிவுக்கு அரசு வைத்திருக்கும் விலை) வாங்கும் விலையும் ஒன்று என்று வைத்துக்கொண்டேன். எல்லாம் லட்சத்தில்.

| | 3 சென்ட் சைட் வாங்கிக் கட்டுவது | கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட் | பழைய தனி வீடு | ஊரில் சொந்த மண்ணில் |
|---|---|---|---|---|
| விலை | 18 | 48 | 34 | இல்லை |
| பத்திரச் செலவு | 1.62 | 2.88 | 3.06 | 0.5 வரை |
| ஜிஎஸ்டி | இல்லை | 2.4 | இல்லை | இல்லை |
| கட்டுமானம் அல்லது பழுது வேலை | 21.6 | இல்லை | 3 | 21.6 |
| போர், தொட்டி, காம்பவுண்ட், கரண்ட், மரவேலை | 4 | 4 | 0.5 | 2 |
| மொத்தம் | 45.22 | 57.28 | 40.56 | 24.1 |
| குடியேற | ஒன்றரை முதல் 2 வருடம் | பில்டரைப் பொறுத்து | 2 மாதம் | 10 முதல் 12 மாதம் |

கட்டுமானம் 900 சதுர அடிக்கு, அடிக்கு 2,400 என்று போட்டது. பார்த்தீர்களா, கட்டுகிற செலவு எங்கே கட்டினாலும் ஒன்றுதான். நம்மை எட்டவிடாமல் தள்ளுவது மண்ணின் விலை.

## சைட் வாங்கிக் கட்டுவது

எங்கள் பக்கம் பெரும்பாலோர் மனசில் இருப்பது இதுதான். மூன்று சென்ட்டாக இருந்தாலும் நம் மண், நம் காம்பவுண்ட், வாசலில் ஒரு கோலம், மூலையில் ஒரு முருங்கை. அந்த ஆசையில் ஒரு குறையும் இல்லை. எனக்கும் இருந்தது.

2012-இல் நான் ஒரு சைட் வாங்கினேன். இருந்த காசு முழுக்கப் பத்திரத்தோடு முடிந்துவிட்டது. "ரெண்டு வருசத்துல கட்டிரலாம் கண்ணு" என்று அப்பா சொன்னார். ஏழு வருடம் ஆனது. அந்த ஏழு வருடமும் இடத்துக்குத் தவணை ஒரு பக்கம், வாடகை இன்னொரு பக்கம். வருடத்துக்கு இரண்டு தடவை சீமைக்கருவேலம் வெட்ட ஆள்கூலி. சதுர அடிக்கு 1,300 என்று நானே போட்ட எஸ்டிமேட், கட்ட ஆரம்பித்தபோது 1,900 ஆகியிருந்தது. மண் விலை ஏறியது உண்மைதான். ஆனால் நான் அதை விற்கப்போவதில்லை, அதில் குடியிருக்க வாங்கினேன். ஏறின விலை எனக்கு ஒரு செங்கல்கூட வாங்கித் தரவில்லை.

அதனால் சைட் கேட்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பத்திரம் முடிந்த மறுநாள் கட்டுவதற்கு உங்களிடம் வழி இருக்கிறதா? இல்லையென்றால் வேண்டாம். இரண்டு வருடத்துக்குள் கட்ட முடியும் என்றால் மட்டும் இறங்குங்கள். மனைக்கான கடனைக் குறிப்பிட்ட காலத்துக்குள் வீடு கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் வங்கிகள் தருகின்றன. கட்டாமல் வெறும் மனையாக இருக்கும் வரை அந்த வட்டிக்கு வருமான வரிச் சலுகையும் கிடையாது.

எஸ்டிமேட்டில் வராத செலவுகளைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். சூலூர், சிங்காநல்லூர் பக்கம் பல இடங்களில் கருமண். கோடையில் போய்ப் பார்த்தால் கெட்டியாகத்தான் தெரியும், மழை பெய்த மறுநாள் போனால் செருப்பு மண்ணோடு போய்விடும். அந்த மண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். சாதாரண அஸ்திவாரம் போட்டால் மூன்றாம் வருடம் சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். ஆழமாகத் தோண்டி, தூண் நிறுத்தி, பிளின்த் பீம் (அஸ்திவாரத்தின் மேல் ஓடும் கான்கிரீட் விட்டம்) ஓட்ட வேண்டும். அதே 900 சதுர அடிக்குக் கூடுதலாக இரண்டு மூன்று லட்சம் மண்ணுக்குள்ளேயே போகும்.

செங்கல்லும் பழைய விலையில் இல்லை. கோவையின் வீடுகளில் பல தடாகத்துச் செங்கல்லில் எழுந்தவை. அங்கே அனுமதியில்லாமல் செம்மண் தோண்டி ஓடைகளும் யானைப் பாதைகளும் சிதைந்துபோனதால் 2021-இல் 186 சூளைகளை மூடினார்கள். மூடியது சரியான முடிவு. ஆனால் கல் இப்போது தூரத்திலிருந்து வருகிறது, லாரி வாடகை நம் தலையில் விழுகிறது. போர் போட அன்னூர், அவிநாசி, பல்லடம் பக்கம் ஆயிரம் அடி என்பது சாதாரணப் பேச்சாகிவிட்டது. அத்தனை அடி போயும் புகைதான் வந்தது என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். 2024 ஆகஸ்டில் தொடங்கிய அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தில் 1,045 குளம் குட்டைகளுக்குத் தண்ணீர் விடுகிறார்கள். உங்கள் சைட்டுக்குப் பக்கத்துக் குளம் அதில் இருக்கிறதா என்று ஊர்க்காரர்களிடம் கேட்டுவிட்டு, பக்கத்து வீட்டுப் போரின் ஆழத்தையும் கேளுங்கள்.

பத்திர விஷயத்தில் டிடிசிபி (நகர் ஊரமைப்பு இயக்ககம்) அப்ரூவல் எண்ணையும் ரேரா (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம்) எண்ணையும் வாங்கி நீங்களே சரிபாருங்கள். அங்கீகாரம் இல்லாத மனைகளில் 2016 அக்டோபர் 20-க்கு முன்பு பதிவானவற்றுக்குத்தான் வரன்முறை வாய்ப்பு கொடுத்தார்கள். அதற்குப் பின் பிரித்த அனுமதியில்லாத இடத்தை "அப்புறம் ரெகுலரைஸ் பண்ணிக்கலாங்க" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள். தொண்டாமுத்தூர், ஆலாந்துறைப் பக்கம் மலையடிவார ஊர்கள் பல மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லையில் இருப்பதால் அந்த அனுமதியும் வேண்டும். புகளூர் உயர்மின் கம்பி போகும் பாதை பக்கத்தில் இருக்கிறதா என்று நேரில் நின்று பாருங்கள். இடம் பஞ்சமி நிலமா (தலித் மக்களுக்கு ஒதுக்கியது), கோயில் நிலமா, பூமிதான நிலமா (நிலமற்றவர்களுக்காகத் தானம் கொடுத்தது) என்று மூன்றையும் வக்கீலிடம் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று, வரப்போகும் திட்டத்துக்கு இன்றைக்கே விலை கொடுக்காதீர்கள். "மெட்ரோ இங்கதாங்க நிக்கும்" என்று சொல்லிச் சென்ட்டுக்கு ஒரு லட்சம் கூட்டினார்கள். கோவை மெட்ரோ திட்ட அறிக்கையை மத்திய அரசு 2025 நவம்பரில் திருப்பி அனுப்பிவிட்டது. அந்த ஒரு லட்சத்தை யாரும் குறைக்கவில்லை.

கையில் காசும் கட்டும் திட்டமும் இருப்பவர்களுக்கு ஒரு நல்ல வசதி வந்திருக்கிறது. 2,500 சதுர அடி வரையான மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமோ அதோடு ஒரு மாடியோ கட்டுவதற்கு 2024 ஜூலை முதல் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. சொத்தின் மதிப்பு 10 லட்சத்துக்குள் இருந்து, பெண் பெயரில் பதிந்தால் 2025 ஏப்ரல் முதல் பதிவுக் கட்டணத்தில் ஒரு சதவீதம் குறைவு. கோவையைச் சுற்றி அந்த விலைக்கு இடம் இல்லை. புளியம்பட்டி, கோபி, தாராபுரம் பக்கம் பார்ப்பவர்களுக்கு உதவும்.

## ஃபிளாட்

சரவணம்பட்டியில் ஐ.டி. வேலை, பீளமேட்டில் ஆஸ்பத்திரி வேலை, இருவரும் ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் வீடு வருவார்கள் என்றால் ஃபிளாட்டே நல்லது. கட்டுகிற அலைச்சல் இல்லை, காவலுக்கு ஆள் இருக்கிறார். வீட்டைப் பூட்டிவிட்டுத் தைரியமாக ஊருக்குப் போய்வரலாம். புது ஃபிளாட்டுக்குப் பத்திரச் செலவும் குறைவு: 2023 டிசம்பர் முதல் 50 லட்சம் வரை 6 சதவீதம், அதற்கு மேல் 3 கோடி வரை 7 சதவீதம். மற்ற சொத்துகளுக்கு 9.

கவனிக்க வேண்டியது சதுர அடிக் கணக்கை. ஆயிரம் சதுர அடி என்று விளம்பரத்தில் இருப்பதில் மாடிப்படியும் லிஃப்ட்டும் சேர்ந்திருக்கும். கால் வைத்து நடக்கும் இடம், அதாவது கார்பெட் ஏரியா எவ்வளவு என்று எழுத்தில் வாங்குங்கள். மண்ணில் உங்கள் பங்கு எத்தனை சதுர அடி என்பதையும் கேளுங்கள், முப்பது வருடம் கழித்துக் கட்டடம் பழசானால் கையில் நிற்கும் மதிப்பு அதுதான். மாதப் பராமரிப்புத் தொகை தவணை முடிந்த பிறகும் தொடரும். கட்டிக்கொண்டிருக்கும் ஃபிளாட்டுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி உண்டு (விலை 45 லட்சத்துக்குள்ளும் கார்பெட் ஏரியா 90 சதுர மீட்டருக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம்). நிறைவுச் சான்று வந்த பிறகு வாங்கினால் ஜிஎஸ்டி இல்லை. கோடையில் ஒரு தடவை போய், லாரித் தண்ணீர் வாங்குகிறார்களா என்று வாட்ச்மேனிடம் கேளுங்கள்.

மாதம் ஒரு லட்சத்துக்குக் கீழே சம்பளம் இருக்கும் குடும்பத்துக்கு நான் இதைச் சொல்வதில்லை.

## பழைய தனி வீடு

யாரும் ஆசையாகக் கேட்காத வழி. நான் அதிகம் பரிந்துரைப்பது இதைத்தான். பதினைந்து இருபது வருடத்துக்கு முன்பு கட்டிய 800 சதுர அடி வீடு, சூலூரிலோ சோமனூரிலோ காரமடையிலோ பெருந்துறையிலோ இருக்கும். டைல்ஸ் பழசு, கிச்சன் சின்னது என்று மக்கள் ஒதுக்குவார்கள். ஆனால் தண்ணீர் இணைப்பு இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, தெருவில் சாக்கடை இருக்கிறது, பக்கத்து வீட்டு அக்கா இருக்கிறார். இரண்டே மாதத்தில் குடியேறலாம், வாடகை அன்றோடு நின்றுவிடும். அன்றாடச் சுமையில் இதைவிடப் பெரிய மிச்சம் வேறு இல்லை.

பார்க்கப் போகும்போது புது பெயிண்ட் அடித்த வீட்டில் சந்தேகத்தோடு நில்லுங்கள். மொட்டை மாடிக்கு ஏறுங்கள். பாத்ரூம் கூரையை அண்ணாந்து பாருங்கள்: காரை பெயர்ந்து கம்பி துருப்பிடித்துத் தெரிந்தால் அது சின்ன வேலை இல்லை. நான் ஒரு சாவியால் கூரையைத் தட்டிப் பார்ப்பேன். கணீரென்றால் நல்லது, பொத்தென்று சத்தம் வந்தால் காரை கழன்றிருக்கிறது. ஒரு இன்ஜினியரை அழைத்துப்போக ஆகும் சில ஆயிரத்தில் சில லட்சம் தப்பும்.

இங்கே மறைந்திருக்கும் பெரிய தொல்லை, "பத்திரத்துல கொறச்சுப் போட்டுக்கலாங்க, மீதியைக் கையில கொடுங்க" என்று கேட்பது. வங்கி மதிப்பிடுவதும் பத்திரத்தை ஒட்டித்தான், அதனால் கையில் கொடுக்கும் தொகைக்குக் கடன் கிடைக்காது. சொத்து பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கம் வாங்குவதும் கொடுப்பதும் வருமான வரிச் சட்டப்படி ஆபத்து. முழு விலையையும் பத்திரத்தில் காட்டச் சம்மதிப்பவரிடம் மட்டும் வாங்குங்கள்.

பிரதமர் நகர்ப்புற வீட்டுத் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில் வட்டி மானியம் இருக்கிறது: ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், வேறு காரை வீடு பெயரில் இருக்கக் கூடாது. 1.80 லட்சம் வரை ஐந்து வருடத் தவணையாக வரும். 26 லட்சம் கடன் வாங்கினால் கிடைக்காது என்பதைப் பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள்.

## ஊரில் சொந்த மண்ணில் கட்டுவது

பட்டறை சூப்பர்வைசரிடம் இதைச் சொன்னதும் அவர் முகம் மாறிவிட்டது. "ஊருக்கே திரும்பிப் போறதுக்கா இவ்வளவு கஷ்டப்பட்டமுங்க?" என்றார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. பிள்ளைகளின் பள்ளி, மனைவியின் வேலை, மாமியார் வீட்டில் குடித்தனம் நடத்தும் நெருக்கடி எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் இருந்தது. ஆனாலும் 24 லட்சத்துக்கும் 45 லட்சத்துக்கும் நடுவே இருக்கும் 21 லட்சத்தை அவர் சம்பளத்தில் சேர்க்க எத்தனை வருடம் ஆகும்?

போக்குவரத்துச் செலவைச் சேர்த்தே கணக்குப் போடுவோம். ஊரிலிருந்து கணபதிக்கு வண்டியில் போய்வர 60 கிலோமீட்டர், மாதம் 26 நாள். பெட்ரோல் சுமார் 3,200 ரூபாய், டயர் சர்வீஸ் எல்லாம் சேர்த்து 4,500. நகரப் பேருந்து போகும் தடம் என்றால் மனைவிக்கு விடியல் பயணத்தில் டிக்கெட் இல்லை. வாடகை 11,000 நின்றுபோகும். தவணை 15 லட்சம் கடனுக்கு 13,000 சொச்சம்தான். நாள்தோறும் இரண்டு மணி நேரம் வண்டியில் போகும் என்பது உண்மையான நஷ்டம், அதற்கு நான் விலை போட முடியாது. வேலை 35 கிலோமீட்டருக்கு மேல் என்றால் இந்த வழியை நானே சொல்ல மாட்டேன்.

இதில் மறைந்திருக்கும் செலவு பணத்தில் இல்லை, பங்கில் இருக்கிறது. அப்பா பெயரில் இருக்கும் காட்டில் வாய்ப்பேச்சை நம்பிக் கட்டிவிட்டு, பத்து வருடம் கழித்துப் பாகம் பிரிக்கும்போது வீடு தம்பி பங்கில் போய் விழுந்த கதைகள் ஊருக்கு ஒன்று உண்டு. கட்டும் முன்பே பத்து சென்ட்டைத் தனியாக அளந்து செட்டில்மென்ட்டோ பாகப்பிரிவினையோ எழுதிப் பதிந்து, பட்டாவும் மாற்றிவிடுங்கள். குடும்பத்துக்குள் என்பதால் முத்திரைத் தீர்வை அதிகபட்சம் 40,000, பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. வங்கிக் கடனுக்கும் இது வேண்டும், முறையான கட்டிட அனுமதியும் வேண்டும்.

அக்கா தங்கை விஷயத்தை மறைக்காமல் பேசுங்கள். தமிழ்நாட்டின் 1989 சட்டத் திருத்தமும் மத்திய அரசின் 2005 திருத்தமும் வந்த பிறகு பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம உரிமை. "கல்யாணத்துக்குப் பவுன் போட்டாச்சு, கையெழுத்துப் போட்டுக் கொடுத்துரு சாமி" என்று விடுதலைப் பத்திரத்தை நீட்டுவது எங்கள் பக்கத்து வழக்கமாக இருக்கிறது. அது தவறு என்று நான் நினைக்கிறேன். அவள் பங்குக்கு ஒரு தொகையோ இடமோ கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். அதைச் சேர்த்து 24 லட்சம் 28 லட்சமானாலும், சைட்டுக்கு ஆகும் 45 லட்சத்தைப் பார்த்தால் அப்போதும் லாபம்தான்.

வீட்டை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். காட்டுக்கு நடுவே தனிச் சாளையாக (தோட்டத்து வீடாக) வைக்காமல் ஊரை ஒட்டிக் கட்டுங்கள். 2024-இல் பல்லடம் பக்கமும் 2025-இல் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீட்டில் தனியே இருந்தவர்களைக் கொன்றதை நம் பக்கம் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். வயதானவர்களைப் பகலில் தனியே விட்டுவிட்டுத்தான் நீங்கள் வேலைக்குப் போவீர்கள்.

## இப்போதைக்கு வாடகை, அல்லது போக்கியம்

வாங்காமல் இருப்பதும் ஒரு முடிவுதான். வேலை நிலையாக இல்லாதவர்கள், குடும்பத்தில் யாருக்காவது வைத்தியம் நடக்கிறவர்கள், திருப்பூரில் ஆர்டரைப் பொறுத்துச் சம்பளம் ஏறி இறங்குகிறவர்கள் மூன்று வருடம் பொறுக்கலாம்.

எட்டு லட்சம் போக்கியம் கொடுத்தால் மாத வாடகை இல்லை. அந்த எட்டு லட்சத்தை வங்கியில் 7 சதவீதத்துக்குப் போட்டிருந்தால் வருடம் 56,000, மாதத்துக்கு 4,700 வந்திருக்கும். அதாவது 4,700 ரூபாய் வாடகைக்கு வீடு கிடைத்த மாதிரி. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அந்த வீட்டின் மேல் வங்கிக் கடன் இருந்து, வீட்டுக்காரர் தவணை கட்டாமல் விட்டால் முதல் உரிமை வங்கிக்குத்தான். வில்லங்கம் போட்டுப் பார்த்து, அசல் பத்திரத்தைக் கண்ணால் பார்த்து, பதிவு செய்த பத்திரத்தோடு மட்டும் பணத்தைக் கொடுங்கள். வெறும் ஸ்டாம்ப் பேப்பரில் எட்டு லட்சத்தைக் கொடுத்துவிட்டு அழுதவர் என் சொந்தத்திலேயே இருக்கிறார்.

வாடகையிலேயே இருப்பவர்கள், கட்டியிருக்க வேண்டிய தவணைக்கும் வாடகைக்கும் இருக்கும் வித்தியாசத்தை அன்றன்றைக்கே எடுத்துவைத்தால்தான் பொறுத்ததற்குப் பலன். மாதம் 14,000 என்றால் ஐந்து வருடத்தில் வட்டியோடு சுமார் 10 லட்சம். அதை ஏலச்சீட்டில் போடாதீர்கள், வங்கியிலோ தபால் நிலையத்திலோ போடுங்கள்.

## அந்தக் குடும்பம்

அவர்கள் கணக்கில் ஃபிளாட் முதலிலேயே விழுந்தது. சைட்டுக்கு ஏழரை லட்சம் குறைந்தது. பழைய வீட்டுக்குக் கிட்டத்தட்ட 3 லட்சம் குறைந்தது, நகையை வைத்தால் முடியும். நான் இரண்டைச் சொன்னேன்: காரமடை பக்கம் பழைய வீடு, இல்லையென்றால் ஊரை ஒட்டிச் சொந்த மண். பேசி முடித்த பிறகுதான் மனைவி வாயைத் திறந்தார். "ஊர்ல கட்டறதா இருந்தா அடுப்படி தனியா இருக்கோணுங்க, வாசலும் தனியா இருக்கோணும்" என்றார். நோட்டைத் திருப்பிக் கடைசிப் பக்கத்தில் நானே ஒரு கோட்டுப் படம் போட்டுக் காட்டினேன். மாமியார் வீட்டுக்கு மேற்கே, கிழக்குப் பார்த்த தனி வாசல், நடுவே ஒரு வேப்பமரம்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கணவரின் தங்கை ஈரோட்டிலிருந்து வருகிறாராம். அவரிடம் பேசிவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதுவரை எந்த புரோக்கருக்கும் டோக்கன் கொடுக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.